சைக்கிள் பழக ஓர் இடம் வேண்டும்

ராயபுரத்துச் சந்து ஒன்றில் பத்து வயதுப் பையன் சைக்கிள் பழகுகிறான் என்று வைத்துக் கொள்வோம்.

அவனுக்கு அது சைக்கிள் அல்ல, கப்பல்! தெருக்குழாய்தான் துறைமுகத்தின் வாசல். அங்கே வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள் கடற்பாறைகள். குறுக்கே படுத்திருக்கும் நாய் ஒரு திமிங்கலம். பாறையில் இடிக்காமல், திமிங்கலத்தை எழுப்பாமல், கப்பலைக் கரை சேர்க்க வேண்டும். மாமா சீட்டைப் பிடித்துக் கொண்டு பின்னால் ஓடி வருகிறார்.

"விட்டுடாதீங்க மாமா!" என்று பையன் கத்துகிறான்.

மாமா எப்போதோ விட்டு விட்டார்!

"விளையாட்டை விட்டு விட்டு ஒழுங்காக ஓட்டுடா" என்று சில பெரியவர்கள் அதட்டுவார்கள். அதட்ட வேண்டியதில்லை. குடத்தைப் பாறை என்று நினைக்கிற பையன் குடத்தை உற்றுப் பார்க்கிறான். நேரத்தோடு விலகுகிறான். அபாயம் அந்த விளையாட்டில் இல்லை. சந்து முடிகிற இடத்தில் இருக்கிறது.

அங்கே பெரிய ரோடு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. லாரியின் மேல் 20 அடி அல்லது 40 அடி நீள இரும்புப் பெட்டி. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எங்கும் இதே காட்சிதான்.

வட சென்னை வண்டிகளுக்குப் பேர் போன இடம். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது. அதுதான் பிறகு அசோக் லேலண்டு ஆனது. 1955-ல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. அதே திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப்., பிற்காலத்தில் டயர் செய்து பெயர் பெற்றது. ஊருக்கெல்லாம் சக்கரம் தந்த இந்தப் பகுதியில், ஒரு சிறுவன் இரண்டு சக்கரத்தில் பழக இடம் தேடி அலைகிறான்!

பின் சக்கரம் எங்கே போகும்?

லாரியைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

டிரைவர் வலப்பக்கம், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். லாரியின் இடப்பக்கத்தில் ஒட்டி வரும் சிறுவன் அவர் கண்ணில் படுவது கடினம். நீளமான லாரி இடது பக்கம் திரும்பும்போது, முன் சக்கரம் போன வழியிலேயே பின் சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக் கொண்டு வரும். லாரியின் முன்பக்கம் விலகிப் போவதைப் பார்த்து, "வழி கிடைத்தது" என்று இடுக்கில் நுழைகிறவன் பின் சக்கரத்தில் அகப்பட்டுக் கொள்வான்.

இது பையனின் முரட்டுத்தனம் அல்ல. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். "டிரைவரின் முகம் உனக்குத் தெரியவில்லையா? அப்படியானால் நீயும் அவருக்குத் தெரியவில்லை. பின்னாலேயே நில்!" இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

பழக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. 1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் செய்த இரு சக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உந்தித்தான் ஓட்டினார்கள். பெடல் வந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு. குழந்தைக்கும் அந்த வரிசைதான் சுலபம். இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்க வேண்டும். பெடலைக் கழற்றி விட்டு உந்தி ஓட்டச் சொல்ல வேண்டும். விழுகிற பக்கமே ஹாண்டில்பாரைத் திருப்பினால் வண்டி நிமிரும் என்பதை உடம்பு தானே கற்றுக் கொள்ளும். பிரேக்கும் அப்போதே பழக வேண்டும். பெடல் கடைசியில்.

அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தக் காலத்துத் தெருவில் 40 அடி லாரி வரவில்லை!

புதுக்கோட்டை செய்தது

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கிராமத்துப் பெண்கள் லட்சம் பேர் வரை சைக்கிள் பழகினார்கள். அ, ஆ எழுதப் பழகிய கை, ஹாண்டில்பாரையும் பிடித்தது.

2001-ல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளில் அரசு, உதவி பெறும் பள்ளிகளின் 11-ஆம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. நல்ல காரியம். ஆனால் சைக்கிள் கைக்கு வரும்போது பிள்ளைக்கு வயது 16. சாலையைப் படிக்கும் பாடம் 10 வயதிலேயே வேண்டும்.

நெதர்லாந்தில் 1971-ல் சாலை விபத்துகளில் 3,000-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் பெருகின. இன்று அந்த நாட்டில் 11, 12 வயதுப் பிள்ளைகள் தெருவில் சைக்கிள் ஓட்டிக் காட்டிப் பரீட்சை எழுதுகிறார்கள்.

இங்கே தனிப் பாதை வர நாளாகலாம். மைதானத்தைத் திறக்க நாளாகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் 2 மணி நேரம் மாநகராட்சிப் பள்ளி மைதானங்களைத் திறந்து விடட்டும். போக்குவரத்துப் போலீசார் ஒருவர் வரட்டும். நிறுத்தி வைத்த லாரி ஒன்றும் அங்கே இருக்கட்டும். பிள்ளைகளை ஒவ்வொருவராக டிரைவர் சீட்டில் உட்கார வைக்க வேண்டும். இடப்பக்கத்தில் சைக்கிளோடு நிற்கும் கூட்டாளி தெரிகிறானா என்று அவர்களையே பார்க்கச் சொல்ல வேண்டும்.