பசுவின் மலடு யார் குற்றம்?

கே.கே. நகர் போன்ற சென்னைப் பகுதிகளில், நெருங்கிய வீடுகளுக்கிடையே கறவை மாடுகள் நடமாடுவதை நாம் காண்கிறோம். அவற்றைக் கொண்டு ஜீவனம் செய்வோருக்குப் பசு காலந்தவறாது கன்று ஈன்றால்தான் பிழைப்பு உண்டு. ஆகையால், பன்முறை முயன்றும் சினை நில்லாத பசுவை மலடென்று பழித்துச் சொற்ப விலைக்குத் தள்ளிவிடுகின்றனர். இப்பழி பெரும்பாலும் அநியாயமானதென்பதே என் அபிப்பிராயம்.

கன்று ஈன்றவுடன் கருப்பையின் வாய் சில நாள் திறந்திருக்கும். சாணத்திலும் அழுக்குத் தரையிலுமுள்ள கிருமிகள் அவ்வழியே உட்புகுகின்றன. முதலில் எஷ்சரிக்கியா கோலி என்பது தலையெடுக்கும். பின்னர் ட்ரூப்பரெல்லா பையோஜீன்ஸ் முதலியவை பெருகிச் சீழை உண்டாக்கும். பல பசுக்கள் சில வாரங்களில் தாமே இவற்றை வென்றுவிடும். ஆயினும், ஈற்று கடினமானாலும், நஞ்சுக்கொடி விழாது தங்கினாலும், அதனைக் கழுவாத கையால் பிடித்திழுத்தாலும், கருப்பை புண்பட்டு வியாதி நிலைத்துவிடும். பின்னர்ச் சினை எங்ஙனம் நிற்கும்?

கன்றுவீச்சு நோயோ இன்னும் கொடியது. அதன் கிருமியாகிய புரூசெல்லா அபார்ட்டஸை டென்மார்க்கு தேசத்துப் பேராசிரியர் பாங்கு 1897-ல் கண்டறிந்தார். சினை முற்றும் மாதங்களில் கருவைச் சிதைக்கும் அது, காய்ச்சாத பாலாலும், வீசிய கன்றை வெறுங்கையால் தொடுவதாலும் மனிதரையும் பற்றி, விட்டுவிட்டு ஜுரம் தரும். நாலு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறை தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019-ல் தொடங்கப்பெற்றது.

மாடுகளை நகரினின்று அகற்றிவிட்டால் போதுமென்பார் சிலர். தொழுவத்தின் அழுக்கு புறநகரிலும் அழுக்கே அன்றோ! வைத்தியரைக் கேளாது ஊசி மருந்து போடலாமென்பார் வேறு சிலர். அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும். மருந்தின் எச்சம் பாலிலும் கலக்கும். உலர்ந்த சுத்தமான தரை, சோப்பிட்டுக் கழுவிய கை, நஞ்சுக்கொடியை இழுக்காத பொறுமை, ஒரு நாளுக்குள் அது விழாவிடில் கால்நடை வைத்தியரை அழைத்தல் ஆகிய இவையே ஏழைக்கும் எளிதான காப்பு.

வேப்பேரியில் 1903 முதல் கால்நடை வைத்தியம் போதிக்கப்படுகிறது. அங்குள்ள அறிவு நம் தெருக்கோடித் தொழுவத்தை எட்டவேண்டுமாயின், எடுத்துச் செல்வோர் வேண்டும். விடுமுறை நாட்களில் மாணவ நண்பர்கள் இப்பணியை மேற்கொள்வாராக. வாயில்லா ஜீவனுக்கும் அதனை நம்பிய குடும்பத்துக்கும் அது செய்யத்தக்க பேருதவியாகும்.