வன்தட்டை யாரிடம் கொடுப்பது?

ஆய்வேடு ஒப்படைக்கும் வாரம் வந்தால் போதும், எங்கள் விடுதியில் யாராவது ஒருவரின் வன்தட்டு உயிரை விட்டுவிடும். உடனே எல்லாரும் கேட்பது, “எந்தக் கடையில் மலிவு?” முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல என்பேன்.

தட்டு ‘டக் டக்’ என்று சத்தமிட்டால் பெரும்பாலும் உள்ளே தரவைப் படிக்கும் முனை பழுதாகியிருக்கும். மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்தால் தட்டின் பரப்பே கீறிப்போகலாம். அதைத் தூசியற்ற அறையில்தான் திறக்க வேண்டும். கடை மேசையிலேயே திருகாணியைக் கழற்ற முனைபவரிடம் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எஸ்எஸ்டி வேறு கதை. கோப்பை அழித்த பின் ‘டிரிம்’ கட்டளை இயங்கிவிட்டால் பெரும்பாலும் எவராலும் மீட்க முடியாது. அதனால், சோதித்துப் பார்க்காமலேயே “100 விழுக்காடு உத்தரவாதம்” தருபவர்மீது எனக்கு நம்பிக்கை வருவதில்லை. சோதித்துவிட்டு “இது முடியாது, தம்பி” என்று சொல்பவரிடம் அடுத்த முறையும் போகலாம்.

கோப்பு திரும்பினால் மட்டும் போதுமா? 2008இல் ஹாங்காங் நடிகர் எடிசன் சென்னின் அந்தரங்கப் படங்கள், அவர் பழுதுபார்க்கக் கொடுத்த கணினியிலிருந்துதான் கசிந்தன. நம் தட்டிலும் ஆய்வேட்டோடு அடையாள அட்டை நகல், குடும்பப் படங்கள் எல்லாம் கிடக்கின்றன. கடையில் தங்கும் நகலை எப்போது அழிப்பார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். தேவைக்கு மேல் தகவலை வைத்திருக்கக் கூடாது என்கிறது மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

பல்கலைக்கழகக் கணினிப் பிரிவுகளும் தாங்கள் விசாரித்தறிந்த கடைகளின் பட்டியலை வெளியிடலாம். இப்போதைக்கு எங்கள் அறிவிப்புப் பலகையில் ஆய்வேட்டுக்கு அட்டை கட்டும் கடைகளின் விளம்பரம்தான் இருக்கிறது.