சொல்லத் தகாத இடம்

எனக்கு மூலத்துக்கு ஆபரேஷன் நடந்தது. இதைப் படித்து முகம் சுளிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

"இதையெல்லாமா எழுதுவது? பெண்கள் படிக்கிற பத்திரிகை ஐயா!" என்று கடிந்துகொண்டார் ஒரு நண்பர். அவரும் கதை எழுதுகிறவர்தான். காசநோய்க் கதாநாயகியை இருமி இருமியே மூன்று அத்தியாயம் சாகவைத்து, அதே பெண்களிடம் கண்ணீரும் பாராட்டும் பெற்றவர். நுரையீரல் மேல்சாதி, ஆசனவாய் கீழ்சாதி போலிருக்கிறது! ஊரில் ஒழிக்க வேண்டும் என்று மேடையேறிப் பேசுகிற ஏற்றத்தாழ்வை நம் உடம்புக்குள் பத்திரமாக வைத்துப் பூஜை செய்கிறோம். இந்த வியாதி பெண்களுக்கும் வரும், பிள்ளைப்பேற்றை ஒட்டி மிகுதியாகவே வரும் என்பது நண்பருக்குத் தெரியுமோ என்னவோ.

நானும் யோக்கியன் அல்ல. "என்ன ஆபரேஷன்?" என்று கேட்ட உறவினர்களிடம் எல்லாம் "வயிற்றில் சின்னதாக ஒன்று" என்று பொய் சொல்லிவிட்டுத்தான் போனேன். அந்தப் பொய்க்கு வட்டியும் முதலுமாகக் கொடுத்தேன்.

டாக்டரின் கைமேல் எனக்குப் புகாரே கிடையாது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மில்லிகன், மார்கன் என்பவர்கள் 1937இல் வெளியிட்ட முறைப்படி, வீங்கிய மூலத்தை அறுத்து, ரத்தக்குழாயை அடியில் கட்டி, புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டிருந்தார். அது தானாக ஆறச் சில வாரம் பிடிக்கும். எல்லாம் சரி. என் புகார் அவருடைய வாயைப் பற்றியது.

ஆபரேஷன் ஆன அன்று மாலை எனக்குச் சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. 'அறுத்தது ஓரிடம், கெட்டது வேறிடமா?' என்று பதறினேன். நர்ஸ் சின்னப் பெண். அவளிடம் எப்படிச் சொல்வது என்று இரவு பத்து மணிவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் குழாய் போட்டு எடுத்தார்கள். முதுகில் போட்ட மயக்க ஊசியாலும் வலியாலும் பலருக்கு இப்படி ஆவதுண்டாம். காலையிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அத்தனை பதற்றமும் மிச்சம்.

மலம் கழிக்கப் பயந்து வீட்டில் பட்டினி கிடந்தேன். வலி மாத்திரைகளில் சில தாமே மலத்தைக் கட்டும். போதாததற்கு என் பட்டினியும் சேர்ந்துகொண்டது. முதல் தடவை உட்கார்ந்தபோது கண்ணாடிச் சில் அறுப்பதுபோல் இருந்தது. கீரையும் பழமும் தின்று, நிறையத் தண்ணீர் குடித்திருக்க வேண்டிய நாட்கள் அவை.

ஒன்பதாம் நாள். வலி குறைந்து, தெருக்கோடிவரை நடந்துவிட்டு வந்திருந்தேன். இரவு பதினொரு மணிக்கு ரத்தம் போயிற்று. சொட்டு அல்ல, கட்டிகட்டியாக, இரண்டு தடவை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அம்மாவும் மகளும் பார்த்துவிடக் கூடாதே என்று வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டிக் கழுவிவிட்டு, சந்தடியில்லாமல் வந்து படுத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை எழுந்தபோது தலை சுற்றிச் சுவரைப் பிடித்தேன். என் வேட்டியைப் பார்த்த மனைவி, "இத்தனை நேரம் ஏன் என்னை எழுப்பவில்லை?" என்று அலறினாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. உயிரைவிட மானம் பெரிது என்று படித்திருக்கிறேன். எந்த மானம் என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன்.

ஆஸ்பத்திரியில் இரவு முறை டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் சிலருக்கு இப்படி வருவதுண்டு சார். புண்ணில் கிருமி சேர்ந்தால், கட்டின இடம் விட்டுக்கொடுத்துவிடும்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அறுத்தவருக்கும் தெரிந்திருக்கும். உடம்புக்குச் சொந்தக்காரனான எனக்கு மட்டும் தெரியாது. அவர்கள் கொடுத்தனுப்பிய இரண்டு பக்க இங்கிலீஷ் காகிதத்தில் என் ரத்த அழுத்தம் இருந்தது, மயக்க மருந்தின் பெயர் இருந்தது, இது இல்லை.

"எல்லாம் சொன்னால் நோயாளி பயந்துவிடுவார்" என்கிறார்கள். அந்தப் பதினொரு மணி இரவில் என்னோடு யாராவது உட்கார்ந்திருந்தால், பயம் தெரிவதால் வருகிறதா, தெரியாததால் வருகிறதா என்று கண்டுகொண்டிருப்பார்கள்.

நண்பருக்கு ஒரு செய்தி. நம் தொழிலின் பெரிய மனிதரான சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841இல் பௌத்திரத்துக்கு ஆபரேஷன் நடந்தது. ஈதர் மயக்கம் 1846இல்தான் வந்தது. ஆகவே முழு நினைவோடு அறுத்துக்கொண்டார். அறுத்தவர் பிரெடரிக் சால்மன். இத்தகைய நோய்களுக்கென்றே 1835இல் ஏழைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி தொடங்கியவர். அதுவே பிற்பாடு செயின்ட் மார்க்ஸ் ஆயிற்று. டிக்கன்ஸ் இதை நண்பர்களுக்குக் கடிதத்தில் எழுதினார். அவருடைய நாகரிகம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நம் சங்கோசத்தால் பிழைப்பவர்களும் உண்டு. பஸ் நிலையச் சுவரெல்லாம் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று யார் காசில் எழுதியிருக்கிறது? வெட்கப்பட்டு ஒளிந்து போகிறவர்களின் காசில்தான். ரத்தம் கண்டால் எல்லாம் மூலம்தான் என்று தாமே தீர்மானித்து, குடலில் புற்று இருப்பது தெரியாமலே வருஷக்கணக்கில் லேகியம் தின்கிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒரு தாள். தமிழில். சில நாள் வலிக்கும்; துடைத்தால் கொஞ்சம் ரத்தமும் நீரும் படும்; வெதுவெதுப்பான நீரில் தினம் இரண்டு மூன்று முறை உட்காருங்கள்; பட்டினி கிடக்காதீர்கள். ஆனால் ரத்தம் நிற்காமல் போனால், கட்டியாக விழுந்தால், காய்ச்சல் வந்தால், சிறுநீர் நின்றால், குறைந்த வலி திரும்ப ஏறினால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே வாருங்கள். இவ்வளவுதான். அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

அதைப் படித்து, வீட்டிலுள்ளவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுகிற வேலை நம்முடையது.

கடிந்துகொண்ட நண்பர் நாலு நாள் கழித்துப் போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த டாக்டர் பெயர் என்ன?" என்றார்.

உரக்கக் கேளுங்கள் ஐயா, சொல்கிறேன்.