வராத பதவிக்கு வரவேற்பு வளைவா?

பதவி வந்தபின் பட்டஞ் சூடுவது உலக வழக்கு. பதவி வருமுன்னரே பட்டஞ் சூடிக்கொள்வது இன்றைய பட்டதாரிகளின் வழக்காகி வருகின்றது. 2003இல் தொடங்கப்பெற்று, 2016இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் உடைமையாகிய லிங்ட்இன் தளத்தைத் திறந்து பாருங்கள். பெயருக்குக் கீழே 'இன்கமிங் அனலிஸ்ட்' என்றொரு வரி. அருகே ஒரு முதலீட்டு வங்கியின் பெயர். வேலை தொடங்குவதோ அடுத்த ஆண்டு!

நியூயோர்க்கிலும் இலண்டனிலுமுள்ள பெருவங்கிகள், இறுதியாண்டுக்கு முந்திய கோடையிற் பயிலுநராய் இருந்தோருள் தமக்கு வேண்டியவரைத் தெரிந்து, அப்பொழுதே வேலைக்கு உறுதிமொழி வழங்கிவிடுகின்றன. பட்டம் பெற்று வேலையேற்க ஏறத்தாழ ஓராண்டு செல்லும். அவ்விடைவெளியிற் பிறந்ததே இந்த 'இன்கமிங்'. கொழும்பு நிதிக் கம்பனிகளின் வாயிலைக் கடந்து, கோணேசபுரியிலுள்ள எமது வளாகத்தையும் அது எட்டிவிட்டது.

"இதில் என்ன குற்றம்? உழைத்துப் பெற்றதை ஊரறியச் சொல்வது தவறா?" என்பர் சிலர். தவறன்று. மீனவக் குடும்பமொன்றின் முதற் பட்டதாரி, கிடைத்த கடிதத்தைத் தாயிடம் காட்டி மகிழ்வதை யார் தடுப்பர்? அயலார் கூடி வாழ்த்துவதும் முறையே. ஆனால், மகிழ்ச்சியைப் பகிர்தல் வேறு. செய்யாத வேலையைப் பெயரோடு ஒட்டி மதிப்புக் கோருதல் வேறு. முன்னது உறவு, பின்னது விளம்பரம்.

அவ்விளம்பரத்தினாற் பயன்பெறுவது யார்? சம்பளம் ஒரு சதமும் கொடாத வங்கிக்கு, ஓராண்டுக் காலம் ஊதியமின்றிப் பறைசாற்றுகிறான் இளைஞன். கடற்கரையில் வாழ்வோர்க்கு இது விளங்காத செய்தியன்று. வியாபாரியிடம் முற்பணம் வாங்கியவன், பிடித்த மீனுக்கு விலை பேசும் உரிமையை இழக்கிறான். பதவியை முன்கூட்டி அறிவித்தவன் நிலையும் அஃதே. நிபந்தனைகள் மாறினும், அதனினும் நல்லதொரு வேலை வாய்ப்பினும், விலகிக்கொள்ள நா எழாது, ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறதன்றோ!

இளைஞன் இவ்வாறு கட்டுண்டிருக்க, நிறுவனம் அவ்வாறு கட்டுப்படுவதில்லை. 2022 யூன் மாதத்தில் கொயின்பேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், ஏற்றுக்கொள்ளப்பட்ட வேலை உறுதிமொழிகளையே மீளப்பெற்றது. 2008 செப்டெம்பரில் லீமன் பிறதர்ஸ் வங்கியே வீழ்ந்தது. 158 ஆண்டு நின்ற வங்கி வீழக்கூடுமெனில், அது தந்த உறுதிமொழி எம்மாத்திரம்?

இப்பாடத்தைத் திருகோணமலைக்கு எவரும் புகட்ட வேண்டியதில்லை. எமது துறைமுகத்தைச் சுற்றி எழுந்த அறிவிப்புகளுக்குக் கணக்குண்டோ? சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் அமைக்க 2011இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியோ, 2003இல் ஓர் உடன்பாடு, 2022இல் மற்றோர் உடன்பாடு. அறிவிப்பைக் கேட்டே வளர்ந்தவர் நாம். அறிவிப்பு வேறு, அடுப்பெரிதல் வேறு என்பதை அறியாதவரா?

இன்னொன்றும் சிந்திக்கற்பாலது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் இந்நகரிலும் மட்டக்களப்பிலும் வீதியோரம் அமர்ந்து சத்தியாக்கிரகஞ் செய்தனர். 2022 ஏப்ரிலில் நாடே வெளிநாட்டுக் கடனைச் செலுத்தவியலாதென அறிவித்தது. அத்தகைய நாட்டில், ஒரே விரிவுரை மண்டபத்தில் அருகமர்ந்த நண்பன் வேலையின்றிக் காத்திருக்கையில், நாளைய பதவியை இன்றே கொடியேற்றுவது அவன் நெஞ்சை எவ்வாறு தைக்கும்? அவன் பின்தங்கியவனல்லன், வாய்ப்பின் வாயில் அவனுக்குத் திறக்கப்படவில்லை. இவ்வுண்மையை அந்த ஒற்றை வரி மறைத்துவிடுகிறது. தோல்வியை அவன் தலையிற் சுமத்துகிறது.

பிற நிறுவனங்கள் வீணே அணுகாதிருக்கவே அறிவிக்கிறோம் என்பாருமுளர். அணுகுவோரிடம் "வேறோரிடத்தில் ஒப்புக்கொண்டேன்" எனல் போதும்.

நண்பர்களே, கடிதத்தைப் பெட்டியில் வையுங்கள். முதல் நாள் வேலைக்குச் செல்லுங்கள். முதற் சம்பளத்தை வீட்டிற் கொடுங்கள். அதன்பின் பதவியை எழுதுங்கள். அதுவரை உங்கள் பெயருக்குக் கீழே எழுதுவதற்கு 'மாணவன்', 'மாணவி' என்னும் சொற்கள் உள்ளன. அவை உண்மையானவை, எந்த வங்கியாலும் மீளப்பெற முடியாதவை.