துடிப்பைக் குலைத்தது ஊசி அல்ல

எங்கள் அண்ணனூர் ஸ்டேஷன் டீக்கடையிலும் சரி, தெரு வாட்ஸ்அப் குழுவிலும் சரி, 2021லிருந்து ஒரே பல்லவி: “கொரோனா சளியோட போச்சு, ஹார்ட்டைக் கெடுத்தது ஊசிதான்.” எங்கோ இளவயதுச் சாவு ஒன்று நடந்தால் போதும், மறுபடி கிளம்பிவிடும். 2025 ஜூலையில் கர்நாடக முதல்வர் சித்தராமையாவே ஹாசன் மாவட்டத்துத் திடீர் மாரடைப்பு மரணங்களை ஊசியோடு முடிச்சுப் போட்டார். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது.

முதலில் நடிகர் விவேக்கை இழுப்பார்கள். ஊசி 2021 ஏப்ரல் 15, மரணம் 17. இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுதும் அடைத்திருந்ததாக டாக்டர்கள் அன்றே சொன்னார்கள். ஊசிக்குத் தொடர்பில்லை என்று மத்திய நிபுணர் குழுவும் முடிவு சொல்லிவிட்டது.

கோவிஷீல்டால் ரத்தம் உறையுமாம். மிக அரிதாக உண்டு. அது துடிப்புக் கோளாறு அல்ல, வேறு நோய்.

வைரஸ் நுரையீரலோடு நின்றுவிடும் என்பதுதான் பெரிய பொய். 2020 ஜனவரியில் வூஹான் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்த 138 பேரில் ஆறில் ஒருவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது. ஐசியூவில் 44 சதவீதம், மற்ற வார்டுகளில் 7. அன்றைக்கு உலகில் யாருக்குப் போட்டார்கள் ஊசி? ஆக்சிஜன் இறங்குகிறது, உடம்பெங்கும் அழற்சி, பொட்டாசியம் குறைகிறது. இதயத்தின் மின்னோட்டம் தடுமாறுகிறது. ஃப்ளூவிலும் இது நடக்கும். அப்படித் தடுமாறுவதில் ஒரு வகையின் ஈசிஜி தாளைப் பாருங்கள்: ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வரவேண்டிய சின்ன மேடு காணாமல் போய், கோடு நடுங்கும், துடிப்புகளின் இடைவெளி ஒன்றுபோல் ஒன்றிராது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது அதுதான். ஊசிக்குப் பயந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் விழுங்கிய ஹைட்ராக்சிகுளோரோகுயினும் அசித்ரோமைசினும்கூடத் துடிப்பைக் குலைக்கக்கூடிய மருந்துகள்தான்.

சீனாக்காரன் கணக்கு நமக்கெதற்கு என்பவர்கள் பக்கத்து அயப்பாக்கத்துக்குப் போகட்டும். அங்கிருக்கும் தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் நாடெங்கும் 47 மருத்துவமனைகளோடு சேர்ந்து ஆராய்ந்து, 2023இல் முடிவை வெளியிட்டது. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்த 729 பேரை, அதே வயது, அதே பகுதியைச் சேர்ந்த 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு. இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு ஏறத்தாழப் பாதி. நம் அயப்பாக்கத்து முடிவு நம் தெருக் குழுவில் ஒருமுறைகூட வரவில்லை.

நிமோனியாவில் படுத்து வீடு திரும்பியவர் படபடப்பு என்றால், “ஊசி வேலை” என்று சொல்லி உட்கார வைத்துவிடுகிறார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருந்தால் இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கி உறையும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். ஒரு ஈசிஜி எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். உறையாமல் தடுக்க மாத்திரையும் இருக்கிறது.