நிமோனியா சரி, என்ன கிருமி?

டெல்லியில் நவம்பர் பிறந்தாலே நம்ம ஆட்கள் வீடுகளில் ஒரே இருமல்தான். புகையும் பனியும் சேர்ந்து காற்று கெட்டுப்போகிற நேரம் பார்த்து, பேரனைப் பார்க்க ஊரிலிருந்து தாத்தா பாட்டி வேறு வந்திருப்பார்கள். காய்ச்சல் வந்தால் முதலில் கெமிஸ்ட் கடை, ஒரு பட்டை அஜித்ரோமைசின். கேட்கவில்லையா, லீவோஃப்ளாக்சசின். அதற்கும் அடங்காவிட்டால்தான் டாக்டர், எக்ஸ்ரே. "நிமோனியா" என்பார்.

அதோடு நாமும் திருப்தியாகிவிடுகிறோம். வியாதிக்குப் பெயர் தெரிந்துவிட்டதே! ஆனால் நிமோனியா என்றால் நுரையீரலில் அழற்சி, அவ்வளவுதான். அதை உண்டாக்கியது நியூமோகாக்கஸா, இன்ஃப்ளூயன்சா வைரஸா, மைக்கோப்ளாஸ்மாவா, டிபியா என்பதை எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைத் திட்டை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்தோ ஒவ்வொன்றுக்கும் வேறு. அமாக்சிசிலின் பாக்டீரியாவின் செல் சுவரைத் தாக்கும். மைக்கோப்ளாஸ்மாவுக்குச் செல் சுவரே கிடையாது. வைரஸுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் வேலைக்காகாது.

அதற்காக எல்லோருக்கும் எல்லா டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே மாத்திரையில் சரியாகிற நிமோனியாவுக்கு சளி, ரத்த கல்ச்சர் வழக்கமாகத் தேவையில்லை என்றுதான் 2019-ல் வந்த அமெரிக்க மருத்துவ வழிகாட்டியும் சொல்கிறது. 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நிமோனியாவுடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 2,259 பெரியவர்களைச் சல்லடை போட்டுத் தேடியும் 38 சதவீதம் பேரிடம்தான் ஏதாவது கிருமி அகப்பட்டது. ஆக, டாக்டர் முதலில் ஓர் உத்தேசத்தில் மருந்து ஆரம்பிப்பதில் தப்பே இல்லை. மூச்சுத் திணறுகிறவருக்கு ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது.

என் ஆதங்கமெல்லாம், முதல் உத்தேசம் பலிக்காதபோது இன்னொரு உத்தேசத்துக்குத் தாவுவதுதான்.

எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பரின் அப்பாவுக்கு இப்படித்தான் ஆறு வாரத்தில் மூன்று ஆன்டிபயாடிக் மாறியது. நடுவில் லீவோஃப்ளாக்சசின். பத்து நாள் நன்றாக இருந்தார், மறுபடியும் இருமல். நாலாவதாகப் பார்த்த டாக்டர்தான் சளியை டெஸ்ட்டுக்கு அனுப்பினார். டிபி! அதுவரை அவர் படுத்திருந்தது பேரனோடு ஒரே அறையில்.

லீவோஃப்ளாக்சசின் டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும். குணமான மாதிரி காட்டி, நோய் தெரிவதைத் தள்ளிப்போட்டுவிடும். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் டிபி டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதி. அரசு மையங்களில் இலவசம். கோவாவின் மோல்பியோ கம்பெனி செய்த ட்ரூநாட் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே ஏற்றுக்கொண்டது. டிபி இருக்கிறதா என்பதோடு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அதற்குக் கேட்குமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனால், "ஆன்டிபயாடிக் ஊசி போடும் முன் கல்ச்சருக்கு ரத்தம், சளி எடுக்க வேண்டுமா டாக்டர்?" என்று தன்மையாகக் கேளுங்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். சளி என்றால் வாயைக் கொப்பளித்துவிட்டு ஆழத்திலிருந்து இருமி எடுத்தது. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் காசுக்குக் கேடு. இவையெல்லாம் புது விஷயமும் இல்லை. லேப்களில் இன்றும் போடும் கிராம் சாயத்தை ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் பெர்லினில் கண்டுபிடித்ததே, நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலை ஆராயும்போதுதான்.

வெளியூரில் இருக்கும் நமக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. அப்பாவுக்கு ஹிந்தி வராது, டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நாம்தான். ஊரில் என்ன மாத்திரை, எத்தனை நாள் சாப்பிட்டார், சர்க்கரை உண்டா, வயல் வேலை உண்டா, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வயல் சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் உண்டு. சர்க்கரை நோயாளிகளை அதிகம் பிடிக்கும், நிமோனியாவாகவே வரும். வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு மசியாது, லேபிலேயே வேறு கிருமி என்று தவறவிடுவதும் உண்டு. நெல் வயலில் நின்ற கால் என்று நாம் சொன்னால்தானே இங்கிருக்கும் டாக்டருக்கு அந்தச் சந்தேகமே வரும்?

ஆகவே, மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை, அடுத்த ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது என்றால் அந்தச் சீட்டை வாங்கும் முன் ஒரு கேள்வி: "என்ன கிருமி என்று பார்த்துவிடலாமா டாக்டர்?" நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு நீங்களே மருந்தை நிறுத்தவோ மாற்றவோ செய்யாதீர்கள். கேள்வி மட்டும் கேளுங்கள், போதும்.