வேலை போனால் பிள்ளையின் பசியும் போய்விடுமா?

"அவனுக்கே வேலை இல்லை, அவளுக்கு எங்கேயிருந்து கொடுப்பான்?" கொரோனா வந்த இரண்டு ஆண்டுகளும் இந்தக் கேள்வி சொந்தபந்தங்களின் வாயில் புரண்டது. கூடவே இன்னொரு பேச்சு: ஜீவனாம்சம் என்பதே ஆம்பளையை மொட்டையடிக்கும் ஏற்பாடு, கஷ்ட காலத்திலும் இந்தப் பெண்கள் விட மாட்டேன் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இந்தப் பேச்சு எத்தனை வீடுகளில் அடுப்பை அணைத்தது என்பதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இது அநியாயமான பேச்சு.

வேலை போனது நிஜம்தான். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபின் சம்பளம் பாதியானவர்கள், ஒரேயடியாக நின்றுபோனவர்கள் ஏராளம். அப்படிப்பட்டவருக்குச் சட்டம் கதவைச் சாத்தவில்லை. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு ஜீவனாம்சத்துக்கானது. நிலைமை மாறிவிட்டது, தொகையைக் குறையுங்கள் என்று கேட்பதற்கு 127-ஆவது பிரிவு இருந்தது. சம்பளச் சீட்டை வைத்து ஒரு மனு போட்டால் நீதிபதி பார்த்து முடிவு சொல்வார். நான் பார்த்த ஆண்களில் பலர் அந்த மனுவைப் போடவில்லை. பணத்தை மட்டும் நிறுத்தினார்கள். நீதிமன்றங்கள் அவசர வழக்குகளை மட்டும் காணொலியில் எடுத்துக்கொண்டிருந்த காலம். பாக்கியை வசூலிக்க மனு போட்டாலும் எப்போது விசாரணைக்கு வரும் என்று வக்கீலுக்கே தெரியாது. அந்தத் தைரியம்தான்.

அதே ஆண்கள் வங்கிக்கு என்ன செய்தார்கள்? கடன் தவணையைத் தள்ளிப்போட 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது, ஆகஸ்ட் கடைசி வரை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அதற்குப் பயந்தே பலர் எப்பாடுபட்டாவது தவணையைக் கட்டினார்கள். வண்டிக்கடன் தள்ள முடியாத கடன். பெற்ற பிள்ளைக்கான பால் காசு தள்ளிவைக்கக்கூடிய காசு. இந்தக் கணக்கைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜீவனாம்சத்தில் பெண்கள் கொழிக்கிறார்கள் என்பவர்கள் ஒரு வழக்கைப் பார்க்கட்டும். நாக்பூர்க் குடும்ப நீதிமன்றம் ஒரு மனைவிக்கு மாதம் 15,000 ரூபாயும், கைக்குழந்தைக்கு முதலில் 5,000, பிறகு 10,000 ரூபாயும் இடைக்கால ஜீவனாம்சமாக விதித்தது. கணவர் உயர் நீதிமன்றம் போனார், அங்கே தோற்று உச்ச நீதிமன்றம் போனார். 2013-இல் கேட்ட இடைக்காலத் தொகைக்கு 2020 நவம்பர் 4-இல்தான் கடைசித் தீர்ப்பு வந்தது. இடைக்கால மனுவை 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது; பிடித்ததோ ஏழு வருடம். 2001-இல் திருத்தம் வரும்வரை மத்தியச் சட்டப்படி 125-ஆவது பிரிவின் கீழ் மாதம் 500 ரூபாய்க்கு மேல் விதிக்கவே முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் யாரை மொட்டையடித்தது?

பெருந்தொற்று வந்தபோது பிரிந்து வாழ்ந்த பெண்ணின் கையில் என்ன இருந்தது? 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் என்று தமிழக அரசு கொடுத்தது. அவள் பெயர் இன்னும் கணவர் வீட்டு அட்டையில். பணத்தை வாங்கியது அவர்கள், அவளும் பிள்ளையும் அம்மா வீட்டில். சேமநல நிதியிலிருந்து மூன்று மாதச் சம்பளம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதுவும் கணவர் கணக்கு.

பிறகு நகை. அந்த ஆகஸ்டில் சவரன் 40,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. நகை மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கிகள் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கியும் தளர்த்தியது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் ஒரு பெண் என்னிடம் ஒரு அடகுச் சீட்டைக் காட்டினார். கணவர் பெயர், மொத்த எடை, கல் கழித்த எடை, வட்டி, மீட்க வேண்டிய தேதி எல்லாம் அதில் இருந்தன. நகை அந்தப் பெண்ணின் அம்மா போட்டது. அதைச் சொல்லும் கட்டம் மட்டும் சீட்டில் கிடையாது. பெண்ணுக்குப் போட்ட நகை அவளுக்கே சொந்தம், கணவர் அதைக் காப்பவர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. கடன் வாங்கிய பணத்தில் கணவர் தனிக்குடித்தனம் வைத்தார், கடையை நடத்தினார். "நகையை நீயே மீட்டுக்கோ" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்ததாம்.

"அவள்தான் சம்பாதிக்கிறாளே" என்பார்கள். சம்பாதிப்பதாலேயே உரிமை போய்விடாது என்பதும் அந்த 2020 தீர்ப்பில் இருக்கிறது. கஷ்டப்படும் கணவரும் மனைவியிடம் கேட்கலாம்; இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு இருவருக்கும் பொது. வீட்டில் இருந்தவளோ? கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர நம் நாட்டில் திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்து இருவருக்கும் பொது என்று சட்டம் இல்லை. பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டால் இருபது வருடம் சமைத்துப் போட்டவள் வெறுங்கையோடு இறங்க வேண்டியதுதான். கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே குடும்பத்தைக் கட்டிக் காத்த ஒரு வழக்கில், அவள் உழைப்பும் சொத்துக்குள் இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023-இல் சொன்னார். நல்ல தீர்ப்பு. ஆனால் ஒரு தீர்ப்பு சட்டமாகிவிடாது. சட்டம் வர வேண்டும். அதுவரை அவளுக்கு இருக்கும் ஒரே பிடி ஜீவனாம்சம். அதையும் பிச்சை என்கிறோம்.

இனி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் இப்படி ஒரு பஞ்சாயத்து வந்தால், "அவனுக்கே இல்லையே" என்று தொடங்காதீர்கள். வரவு செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் இருவரும் பிரமாணப் பத்திரமாக எழுதித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அந்த 2020 தீர்ப்பு கட்டாயமாக்கியிருக்கிறது, அதைக் கேளுங்கள். பாக்கி நிற்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: 2024 ஜூலை முதல் 125-ஆவது பிரிவு புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவாகியிருக்கிறது. தொகை பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.